முறுக்கில்லாத நூல்

ஒரு பாக்டீரியாவைப் பிடித்து, எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, சடை பின்னி, நுனியில் சிவப்பு ரிப்பனும் கட்டிவிட்டவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். சிரிக்காதீர்கள். சடை முழங்கால் வரை தொங்கியது. சரி, முழங்கை வரை. ரொம்பவும் அடம்பிடித்தால் ஒரு விரற்கடை என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கீழே இறங்க மாட்டேன்.

என் பெயர் நாச்சிமுத்து. மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். இப்போது கோயம்புத்தூருக்கு வெளியே, பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்ட பெரியவர்களுக்கென்று கட்டிய ஒரு குடியிருப்பில் வாசம். ஆளுக்கொரு வீடு, எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே சாப்பாட்டுக் கூடம். அந்தக் கூடத்தில் நான் வாயைத் திறந்தால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் காது மிஷினைக் கழற்றி வைப்பார்கள். ஒரே ஒருத்தர் மட்டும் கையில் இருக்கும் தோசையைத் தட்டில் வைத்துவிட்டு நேராக என்னைப் பார்ப்பார். சௌந்தரநாயகி. தலைமையாசிரியையாக இருந்தவர். எங்களுக்கு டீச்சரம்மா.

“நாச்சிமுத்தண்ணா, போன மாசம் நொய்யல் ஆத்துல முதலை பாத்தேன்னீங்க. அதுக்கு முந்தி, உங்க காலேஜுக்குள்ள குரங்கு பூந்து மைக்ரோஸ்கோப்புல கண்ணை வெச்சுப் பாத்துட்டுத் தலையாட்டுச்சுன்னீங்க. இப்ப கிருமிக்குச் சடை பின்னுனீங்களா? பூ வெக்கலயா?”

“மல்லிகை கிடைக்கலைங்க டீச்சரம்மா.”

கூடமே உருண்டு சிரிக்கும். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். இதில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நம்பாத ஒருவர் எதிரே இருந்தால்தானே அளந்துவிடுவதில் ருசி!

எங்கள் குடியிருப்பில் பௌர்ணமி தவறாமல் நிலாச்சோறு உண்டு. புல்வெளியில் எல்லோரும் வட்டமாக உட்காருவோம். டீச்சரம்மா அண்டா நிறையத் தயிர்ச்சோற்றைத் தன் கையாலேயே பிசைவார். கரண்டி கூடாது. கையுறை கூடாது. மற்றவர் கை படவே கூடாது. “கரண்டியில போட்டா அது மெஸ்ஸு. கையில உருட்டிப் போட்டாத்தான் நிலாச்சோறு” என்பார். உருண்டையில் கட்டைவிரலால் ஒரு குழி, குழியில் சொட்டு வத்தக்குழம்பு, அப்படியே நம் உள்ளங்கையில் வைத்து ஒரு அழுத்து. பேரன் பேத்தியை வீடியோவில் மட்டுமே பார்க்கும் எங்களுக்கு அந்த அழுத்து எவ்வளவு பெரிது என்று உங்களுக்குப் புரியாது. ஆளுக்கு நூறு உருண்டை தின்போம். சரி, நாலு.

அந்த வருஷம் வைகாசிப் பௌர்ணமிக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. ஒருவர் பின் ஒருவராகப் படுத்தோம். டைபாய்டு. அதிலும் எந்த மருந்துக்கும் மசியாத வகை. பழைய மாத்திரைகளையெல்லாம் அது பொரிகடலை மாதிரி மென்று துப்பியது. டீச்சரம்மாவின் பக்கத்து வீட்டு கிருஷ்ணவேணியம்மா போய்ச் சேர்ந்தார். இருவரும் காலை நடை முதல் மாலைச் சீரியல் வரை ஒட்டிக்கொண்டே திரிந்தவர்கள். பிணத்தை எடுத்துப் போன வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் டீச்சரம்மா சமையலறைப் பக்கம் கையை நீட்டிவிட்டார்.

“எல்லாத்துக்கும் அவளோட கைதான்!”

அவள் என்றது துளசிமணியை. எங்கள் சமையல்காரி. புருஷன் இறந்தபின் சமையலறைக்குப் பின்னால் ஒற்றை அறையில் தங்கி எங்களுக்குப் பொங்கிப் போட்டவள். காய்ச்சல் அவளுக்கும் வந்திருந்தது. அதுவே சாட்சியாகப் போயிற்று. செயலாளர் வரதராஜுலு கூட்டம் கூட்டி, விவரம் தெரியும்வரை அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி, சமையலுக்குத் தற்காலிகமாக வேறு ஆள் போட்டுவிட்டார். குடியிருப்பு வாட்ஸ்அப்பில் அவள் படத்தை யாரோ போட்டார்கள். படம் சுற்றுவட்டாரம் முழுக்கப் போனது. கல்யாண மண்டபம், ஹாஸ்டல், எங்கே போய்க் கேட்டாலும் ‘அந்தக் காய்ச்சக்காரியா?’ என்றார்கள். இங்கேயும் இல்லை என்றால் அவளுக்கு இனி எந்த ஊரிலும் அடுப்பில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வாய் ஓயாத நான் அன்றைக்கு முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் புது மாத்திரை வந்தது. சுகாதாரத் துறையிலிருந்து டாக்டர் ஃபர்ஹானா கொண்டுவந்தார். என் மாணவிக்கு மாணவி. அதனால் விளக்கும் பொறுப்பை நானே பிடுங்கிக்கொண்டேன்.

“கிருமியைக் கொல்லுமா, கொல்லாதா? அதைச் சொல்லுங்க முதல்ல” என்றார் டீச்சரம்மா.

“கொல்லாதுங்க. வளர்த்திவிடும்.”

“பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டாரு.”

“கேளுங்க டீச்சரம்மா. கிருமின்னா ஒரு வீடுன்னு வெச்சுக்கங்க. வளந்து ரெட்டிப்பு நீளமானதும் நடுவுல ஒரு சுவரு எடுத்து ரெண்டு வீடா பிரிஞ்சுக்கும். அப்புறம் ரெண்டு நாலாகும். ஓயாத பாகப்பிரிவினை. இந்த மாத்திரை அந்த நடுச்சுவரைக் கட்ட விடாது. ஆனா வளர்றது நிக்காது. மகன், பேரன், கொள்ளுப்பேரன் அத்தனையும் ஒரே வீட்டுக்குள்ள. வீடு ரயில் மாதிரி நீண்டுக்கிட்டே போகும்.”

“போயி?”

“எல்லாக் கூட்டுக்குடும்பத்துக்கும் ஆகறதுதான். பாரம் தாங்காம சுவத்துல ஓட்டை விழுந்து, உள்ள இருக்கறது வெளிய கொட்டிச் செத்துப்போகும். வெறுந்தோலு மட்டும் வெள்ளை நூலாட்டம் வெளிய வரும். ஆறு முழம்!”

“ஒரு சின்ன முடி நீளம்தாங்க” என்று ஃபர்ஹானா சிரித்தார். “லென்ஸ் வெச்சாத் தெளிவாத் தெரியும். காய்ச்சல் வந்தவங்க, வராதவங்க, எல்லாரும் சாப்பிடணும்.”

“வெளிய வரும்னா, எந்த வழியா?” என்று வரதராஜுலு கேட்டார்.

கூடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் எங்கள் மானம் போன வாரம். ஆளுக்கொரு மூடி போட்ட டப்பா கொடுத்திருந்தார்கள். காலையில் அதைத் துண்டில் மூடி, இனிப்புக் கடைப் பையில் ஒளித்து, செய்தித்தாளில் சுற்றி, ஆஸ்பத்திரி வேனுக்கு நடப்போம். வழியில் எதிர்ப்பட்டால் வானத்தைப் பார்த்து ‘மழை வரும் போலிருக்கே’ என்போம். அந்த வாரம் எங்கள் குடியிருப்பில் பேசப்பட்ட மழை பெய்திருந்தால் சிறுவாணி அணை உடைந்திருக்கும். கழுவி, கிருமி நீக்கி, நூலை மட்டும் கண்ணாடிக் குழாயில் போட்டு அவரவரிடமே திருப்பித் தந்தார்கள். மெஸ்ஸில் சேமியா பாயசம் நின்றுபோனது.

காய்ச்சல் ஓடிவிட்டது. மருந்தைச் செய்தவர்கள் அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் அவர்கள் நினைக்காத ஒன்று அந்த நூலில் இருந்தது. ஒரே உடம்பில் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் குடியிருக்கும் கிருமியின் சுவர் நேராக வளரும். அது இன்னொரு உடம்புக்குத் தாவி, அங்கே உடம்பின் எதிர்ப்பில் அடிபட்டு உதைபட்டால் சுவர் முறுக்கிக்கொள்ளும். மாத்திரை போட்டு நீட்டினால் நூலில் அந்த முறுக்கு அப்படியே தெரியும். அதாவது, நூலைப் பார்த்தே யார் கொடுத்தவர், யார் வாங்கியவர் என்று சொல்லிவிடலாம்.

மாத்திரை அதற்குள் நாடு முழுக்கப் போயிருந்தது. இது பத்திரிகையில் வந்ததுதான் தாமதம், நாடே லென்ஸ் வாங்கியது. பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்தோடு நூலையும் கேட்டார்கள். புருஷன் நூலையும் பெண்டாட்டி நூலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வக்கீல் வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. ஏதோ ஒரு ஊரில் நேர் நூல் வந்த டீக்கடைக்காரரின் பாய்லரை உடைத்தார்கள். உடம்பு சரியானவர்களெல்லாம் தலை குனிந்து நடந்தார்கள். கடைசியில் அரசாங்கம் தலையிட்டு, அவரவர் நூல் அவரவருக்கு, பிறர் நூலைக் கேட்பது குற்றம் என்று உத்தரவு போட்டது.

எங்கள் குடியிருப்பிலும் அந்த உத்தரவை மதித்தோம். ஒருத்தி விஷயத்தில் தவிர.

“துளசிமணி அவளாக் காட்டினா உத்தரவு ஒன்னும் பண்ணாது” என்றார் வரதராஜுலு. “காட்டட்டும். சுத்தம்னு தெரிஞ்சா அடுப்படிக்கு வரட்டும்.”

“படிக்கறதுக்கு ஆளு?” என்றார் டீச்சரம்மா.

“நான் இருக்கேன்!” என்று குதித்தேன். நிஜமாகவே குதித்தேன், இந்த மூட்டுகளோடு.

காலை டிபன் நேரம். துளசிமணி கூடத்து வாசலில் வந்து நின்றாள். கண்ணாடிக் குழாய் முந்தானைக்குள் இருந்தது.

“சார், நீங்க மட்டும் தனியாப் பாத்துச் சொல்லிருங்களே” என்றாள் மெதுவாக. “இத்தன ஆம்பளைங்க சாப்பிடற எடத்துல எப்படிங்க சார்…”

எனக்கு அது காதில் விழுந்தது. விழுந்தும், என்னிடம் லென்ஸ் இருந்தது, சபை இருந்தது, ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் உயரத் தூக்கிப் பிடித்தேன்.

“வாங்க, வாங்க, எல்லாரும் வந்து பாருங்க! முறுக்குன்னா முறுக்கு, மணப்பாறைகூடத் தோத்துரும்! இவ கொடுத்தவ இல்லைங்க. நம்மளை மாதிரி வாங்கினவ!”

ஒருவர்பின் ஒருவராக வந்து பார்த்தார்கள். சிலர் இட்லித் தட்டோடு வந்தார்கள். ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து வந்ததை நான் சர்க்கஸ்காரன் மாதிரி திருப்பித் திருப்பிக் காட்டினேன். அவள் சுவரோடு ஒட்டி நின்று, தன் கால் பெருவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரதராஜுலு லென்ஸைக் கொடுத்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். “எனக்கு ஏதோ கோடு மாதிரித்தான் தெரியுது. ஏனுங்க சார், உங்க பேச்சுல எப்பவும் பாதியைக் கழிச்சுத்தான் நாங்க எடுத்துக்குவோம். முறுக்குலயும் பாதியைக் கழிச்சா அது நேர்தானுங்களே?”

கூடம் வெடித்துச் சிரித்தது. நானும் பழக்க தோஷத்தில் சிரித்துத் தொலைத்தேன்.

“சிரிக்கறாரு பாருங்க, அவருக்கே நம்பிக்கை இல்ல” என்றார் டீச்சரம்மா. “முதலை பாத்த கண்ணுதான அது?”

ஃபர்ஹானாவுக்கு ஃபோன் போட்டேன். “ஒருத்தரோட நூலைப் பத்தி நான் வாயைத் திறந்தா வேலை போயிடும் சார். நீங்க சொன்னா நம்ப மாட்டாங்களா? சீனியர் புரொஃபஸர் நீங்க” என்றார். ஃபோனை வைத்தேன். ஆயுசு முழுக்க ஆனந்தமாக அளந்துவிட்டேன். ஒரே ஒரு தடவை உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டி வந்தபோது என் சொல் செல்லாக்காசு. அதற்கான தண்டனை எனக்கு வரவில்லை, அவளுக்கு வந்தது. மறுநாளைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

மத்தியானம் அவள் அறைக்குப் போனேன். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லிப் பாயை விரித்தாள்.

“துளசிமணி, நான் அப்படி எல்லார் முன்னாடியும்…”

“விடுங்க சார். உங்க கொணம் அது. நீங்க கெட்டது நெனைக்கலைங்க.” அவள் சாக்கை இறுக்கினாள். “ஆனா அந்தக் கொழாயத் தூக்கிப் புடிச்சீங்க பாருங்க, அப்ப என்ற சேலையவே உருவுன மாதிரி இருந்துச்சுங்க.”

எழுபது தாண்டிய எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சாக்குக் கயிற்றைப் பார்த்தேன்.

“எங்களுக்குப் பொங்கறதை நீ சாப்பிடறதில்லையே. உனக்குன்னு தனியா ரசம் வெச்சுக்குவே. அப்புறம் உனக்கு எப்படி வந்தது?”

“பௌர்ணமிக்குப் பௌர்ணமி டீச்சரம்மா ஒரு உருண்டை குடுப்பாங்க சார். எல்லாரும் வாங்குனதுக்கு அப்புறம். எல்லாத்துக்கும் கையில வெச்சு அமுத்துவாங்க, எனக்கு மட்டும் ஒரு சாண் மேல இருந்து போடுவாங்க. கையி படக்கூடாதுன்னு. நான் ரெண்டு கையும் ஏந்திப் புடிச்சுக்குவேன். ருசியா இருக்குமுங்க.”

பாயில் உட்கார்ந்தபடியே விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். சமையலறைச் சோறு தினமும் உண்டு. தினமும் வராத காய்ச்சல் பௌர்ணமிக்குப் பின் வந்தது. எல்லோரும் படுத்தோம், ஒருவர் மட்டும் படுக்கவில்லை. எங்களுக்கெல்லாம் கஞ்சி வைத்து வீடு வீடாகக் கொண்டுவந்தவர்.

டீச்சரம்மா கதவைத் திறந்தவுடன் என் முகத்தில் சிரிப்பு இல்லாததைக் கவனித்துவிட்டார்.

“என்ன அண்ணா, மேலுக்கு முடியலயா?”

“உங்க நூலைப் பாத்தீங்களா?”

“அந்தக் கண்றாவிய நான் எதுக்குப் பாக்கறேன்? குடுத்தாங்க, பீரோவுல போட்டேன். எவனோ பஞ்சைப் பிரிச்சுக் கொழாயில அடைச்சுக் குடுக்கறான், நீங்கெல்லாம் ஜோசியம் பாக்கறீங்க.”

“ஒரு தடவை பாருங்க.”

“எதுக்கு?” குரல் உயர்ந்தது. “எனக்குக் காய்ச்சல் வந்துச்சா? தலைவலி வந்துச்சா? கெழடுங்க பூராப் படுத்துக் கெடந்தப்ப எந்திரிச்சு நடமாடுனது நான் ஒருத்திதான!”

“அதனாலதான் கேக்கறேன் டீச்சரம்மா. சில பேர் பித்தப்பையில இந்தக் கிருமி வருஷக்கணக்கா இருக்கும். அவங்களை ஒன்னும் பண்ணாது. எப்பவாவது கை வழியா மத்தவங்களுக்குப் போகும். அது அவங்க குத்தம் இல்ல. யாருக்கும் தெரிய வழியில்ல. இப்ப மாத்திரையில உங்களுக்கும் போயிருச்சு. நீங்க சொல்லாட்டி யாருக்கும் ஒருநாளும் தெரியாது. ஆனா நாளைக்குக் காலையில ஒருத்தி ரோட்டுல நிப்பா.”

அவர் என்னைப் பார்த்தார். வகுப்பில் பொய் சொல்லிப் பிடிபட்ட பையனைப் பார்க்கிற பார்வை.

“கிருஷ்ணவேணி நான் போட்ட சோத்துல செத்தாள்னு சொல்ல வர்றீங்களா?”

லென்ஸை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன்.

“உங்க புளுகுக்கு ஒரு அளவு வேணும் அண்ணா. வெளிய போங்க.”

லென்ஸை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை டிபனுக்குக் கூடம் நிறைந்திருந்தது. வாசலில் துளசிமணி சாக்கு மூட்டையோடு நின்றாள். சாவியை ஒப்படைக்க வந்திருந்தாள். வரதராஜுலு சாவிக்குக் கை நீட்டியபோது நான் எழுந்தேன். ஜோடனை எதுவும் வேண்டாம் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டு எழுந்தேன்.

“ஒரு நிமிஷம். நான் சொல்றதுல இன்னிக்கு எதையும் கழிக்காதீங்க. இந்தக் காய்ச்சல் அடுப்படியிலிருந்து வரல. நம்மள்ல ஒருத்தர்கிட்ட அது ரொம்ப நாளாச் சத்தமில்லாம இருந்திருக்கு. அவங்களுக்கே தெரியாது. அவங்க கை வழியா நமக்கு வந்துச்சு. துளசிமணிக்கும் அப்படித்தான் வந்துச்சு. அவ நமக்குக் குடுக்கல. நாமதான் அவளுக்குக் குடுத்தோம்.”

“யாருங்க அந்த ஒருத்தர்?” என்றார் வரதராஜுலு.

“அதை நான் சொல்லக்கூடாது.”

“முதலையா இருக்குமோ?” என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார். சிரிப்பு மேஜை மேஜையாகப் பரவியது. காது மிஷின்கள் கழன்றன. நான் நின்றுகொண்டே இருந்தேன். துளசிமணி சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கக் குனிந்தாள்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. டீச்சரம்மா எழுந்திருந்தார். இரவெல்லாம் அழுத முகம். சாப்பாட்டு மேஜைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து வாசலுக்குப் போனார். சிரிப்பு ஒவ்வொரு மேஜையாக அடங்கியது. துளசிமணி வழக்கம்போல வழிவிட்டு ஒதுங்கினாள். டீச்சரம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தி, உள்ளங்கையை விரித்து, அதில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து மூடினார்.

“இது என்னுது. எத்தனையோ வாட்டி பாத்துட்டேன். திருப்பிப் போட்டும் பாத்துட்டேன். ஒரு முறுக்குகூட இல்ல.”

வரதராஜுலு பதறிப்போய் வந்தார். “டீச்சரம்மா, நீங்க எதுக்கு… இந்த மனுசன் ஏதாச்சும் சொல்லி உங்களைக் கொழப்பிவிட்டிருப்பாருங்க.”

“கிருஷ்ணவேணி இன்னொன்னு வேணும்னு கை நீட்டுனாள்ல?” அவர் வரதராஜுலுவைப் பார்க்கவில்லை. துளசிமணியின் கையை இன்னும் விடவில்லை. “நாந்தான் உருட்டி வெச்சேன். இவங்களுக்கும் நாந்தான். நாச்சிமுத்தண்ணன் சொன்னது அத்தனையும் நடந்துதுங்க. என்ற கையிலதான் நடந்துது.”